ஒரு கணவாய், இரண்டு சோலைக்கிளிகள்: புதிய இனம் எப்படி உருவாகிறது?

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் போகிறவர்கள் பலருக்கு, மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்துவிட்டோம் என்பதே தெரிவதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறப் பல்சக்கரத் தண்டவாளம் வேண்டும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏற 40 கொண்டை ஊசி வளைவுகள். பாலக்காட்டுப் பாதையில் அப்படி ஒன்றும் கிடையாது. சுமார் 1,600 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடும் மலைத்தொடர், இந்த இடத்தில் மட்டும் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் தரையோடு தரையாகப் படுத்துவிடுகிறது. வடக்கே நீலகிரியில் தொட்டபெட்டா 2,637 மீட்டர். தெற்கே ஆனைமுடி 2,695 மீட்டர். நடுவே பாலக்காட்டுச் சமவெளி, கடல் மட்டத்திலிருந்து 140 மீட்டர் உயரம்கூடத் தேறுமா என்று கேட்கும்படி கிடக்கிறது. ஆடி மாதம் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் ஆளைத் தள்ளும் காற்று இந்தத் திறப்பு வழியாகத்தான் வருகிறது. அங்கே காற்றாலைகள் அவ்வளவு நிற்பதற்கும் அதுவே காரணம்.

மனிதர்களுக்கு இந்தப் பாலக்காட்டுக் கணவாய் காலங்காலமாக வணிகப் பாதை. மலையுச்சிக் குளிரிலேயே வாழும் ஒரு சிறு பறவைக்கோ இதைவிட உயரமான சுவர் வேறில்லை. சூழலியல், மரபியல், விலங்குகளின் பன்மை என்று பள்ளிப் பாடத்தில் தனித்தனி அத்தியாயங்களாகப் படிக்கும் மூன்றும் இந்த ஒரே இடத்தில் கைகோத்து நிற்கின்றன. உயிரியலைப் புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல நுழைவாயில் நம் ஊர்ப்பக்கத்தில் இல்லை என்பது என் எண்ணம்.

இரண்டு பறவைகள்

கொடைக்கானலில் சோலைக்காட்டை ஒட்டிய ஒரு பாதையில் விடியற்காலையில் சத்தமின்றி நின்றால், ஈரச் சருகுகளுக்கு நடுவே சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிய, கருநீலப் பறவை ஒன்று தத்தித் தத்திப் போவதைப் பார்க்கலாம். நெற்றியில் வெளிர்நீலக் கீற்று, நெஞ்சும் விலாவும் சாம்பல் படிந்த நீலம், வயிறு வெள்ளை. பூச்சியைக் கொத்தும், நிமிரும், புதருக்குள் மறையும். திறந்த வெளிக்கு அநேகமாக வராது. இதுதான் வெண்வயிற்றுச் சோலைக்கிளி. பெயரில்தான் கிளி, உண்மையில் பூச்சி தின்னும் சிறு பாடும் பறவை.

ஊட்டிப் பக்கத்துச் சோலைகளிலும் இதே போல ஒன்று உண்டு. அதே உயரம், அதே நடை, அதே கூச்சம். விலாப்புறம் மட்டும் செம்பழுப்பாக இருக்கும். அது நீலகிரிச் சோலைக்கிளி.

நீண்ட காலமாக இவை இரண்டையும் ஒரே இனத்தின் இரு வட்டார வடிவங்கள் என்றே நூல்கள் எழுதிவந்தன. விலா நிறம் கொஞ்சம் மாறியிருந்தால் என்ன, மற்றதெல்லாம் ஒன்றுதானே என்பது கணக்கு. டிஎன்ஏவைப் படித்துப் பார்த்தபோது கணக்கு மாறியது. வி.வி. ராபினும் உமா ராமகிருஷ்ணனும் மற்ற ஆய்வாளர்களும் செய்த வேலைகள், இந்த இரண்டும் லட்சக்கணக்கான ஆண்டுகளாகக் கலக்காமல் தனித்தனியே வாழ்ந்துவருகின்றன என்று காட்டின. பிரிவுக்கோடு சரியாகப் பாலக்காட்டுக் கணவாயில் விழுந்தது.

இனம் என்றால் என்ன

பாடநூல்கள் சிற்றினம் என்று சொல்வதைத்தான் இங்கே இனம் என்கிறேன். பரிணாம உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மேயர் 1942இல் தெளிவாக வகுத்துச் சொன்ன வரையறை இன்றும் தொடக்க நிலைக்குப் போதும்: இயற்கையில் தமக்குள் இணைந்து, வளமான குட்டிகளை ஈனும் உயிர்களின் கூட்டம் ஓர் இனம். குதிரையும் கழுதையும் இணைந்தால் கோவேறு கழுதை பிறக்கும். ஆனால் அதற்கு அநேகமாகக் குட்டி பிறக்காது. ஆகவே குதிரை வேறு இனம், கழுதை வேறு இனம். பாக்டீரியாவுக்கும் புதைபடிவங்களுக்கும் இந்த வரையறை செல்லாது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதில் கவனிக்க வேண்டியது, வரையறை தோற்றத்தைப் பற்றிப் பேசவே இல்லை என்பது. பொமரேனியனும் ராஜபாளையமும் பார்வைக்கு எவ்வளவு வேறு! இரண்டும் நாய்தான். சோலைக்கிளிகள் இரண்டும் பார்வைக்கு எவ்வளவு நெருக்கம்! ஆனால் இனம் இரண்டு. கேள்வி எப்போதும் ஒன்றே: இந்தக் கூட்டத்தின் மரபணு அந்தக் கூட்டத்துக்குப் போய்ச் சேருகிறதா, இல்லையா?

ஏடு எடுத்து எழுதியவர்களின் பிழை

டிஎன்ஏ என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளால் ஆன நீண்ட வாசகம். மனிதனுக்கு அது சுமார் 300 கோடி எழுத்து நீளம். ஒவ்வொரு தலைமுறையிலும் அது படி எடுக்கப்படுகிறது. எவ்வளவு கவனமாக எடுத்தாலும் சில எழுத்துகள் மாறிவிடும். அப்பா அம்மா இருவரிடமும் இல்லாத புது மாற்றங்கள் ஒரு மனிதக் குழந்தையிடம் 60, 70 இருக்கும். இதையே திடீர்மாற்றம் என்கிறோம். பெரும்பாலானவை நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது.

பழைய ஓலைச்சுவடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூல ஏட்டை இரண்டு ஊர்களில் படி எடுக்கிறார்கள். முதல் ஊரில் எழுதியவர் ஓரிடத்தில் ‘ர’வை ‘ற’ ஆக்கிவிடுகிறார். அவர் பிரதியைப் பார்த்து எழுதிய அத்தனை பிரதிகளிலும் அந்தப் பிழை தொடர்கிறது. இரண்டாம் ஊரில் வேறொரு வரி விடுபட்டுப் போகிறது; அந்த வழிப் பிரதிகளில் எல்லாம் அந்த வரி இல்லை. இரண்டு ஊர்க்காரர்களும் அவ்வப்போது சந்தித்து ஒப்புநோக்கினால் வேறுபாடு குறையும். போக்குவரத்து நின்றுவிட்டால், நாளாக நாளாகப் பாடபேதம் கூடிக்கொண்டே போகும். உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடிப் பல பிரதிகளையும் ஒப்பிட்டுப் பதிப்பித்தவர். அப்படி ஒப்பிடுகிறவர் பிழைகளை வைத்தே எந்தப் பிரதி எந்தப் பிரதியின் வழி வந்தது என்று ஊகித்துவிடலாம். ஒரே விசித்திரப் பிழை இரண்டு பிரதிகளில் இருந்தால், இரண்டுக்கும் ஒரே தாய்ப்பிரதி.

மரபியலாளர் செய்வதும் இதுவே. பறவையின் ஒரு துளி ரத்தத்திலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, எழுத்து எழுத்தாக ஒப்பிடுகிறார். பொதுவான மாற்றங்கள் உறவைச் சொல்கின்றன. பொதுவில்லாத மாற்றங்களின் எண்ணிக்கை, பிரிந்து எவ்வளவு காலமாயிற்று என்பதற்குத் தோராயமான கணக்கைத் தருகிறது. இரண்டு கூட்டங்களுக்கு இடையே நடக்கும் போக்குவரத்துக்கு மரபணு ஓட்டம் என்று பெயர். அது இருக்கும்வரை ஒரே இனம். அது நின்றால், காலம் தன் வேலையைத் தொடங்கிவிடும்.

காலம் என்ன வேலை செய்கிறது? திடீர்மாற்றம் புது எழுத்துகளைத் தருகிறது என்று பார்த்தோம். அவற்றில் எது நிலைக்கும், எது அழியும் என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன. ஒன்று இயற்கைத் தேர்வு: குளிரைத் தாங்க உதவும் மாற்றம் உள்ள பறவை அதிகக் குஞ்சுகளை வளர்க்கும், அந்த மாற்றம் பரவும். இன்னொன்று வெறும் தற்செயல். நூறு பறவைகள் மட்டும் உள்ள ஒரு மலையில் செம்பழுப்பு விலாவுக்கான மரபணு ஐந்து பறவைகளிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெருமழையில் மண் சரிந்து அந்த ஐந்தும் செத்துப்போனால், அந்த நிறம் அந்த மலையிலிருந்தே போய்விடும். பறவை கெட்டிக்காரத்தனமாக எதையும் செய்யவில்லை, குறையும் வைக்கவில்லை. இதற்கு மரபணு நகர்வு என்று பெயர். கூட்டம் சிறியதாக ஆக, தற்செயலின் கை ஓங்கும்.

ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஏதாவது பயன் இருந்தே தீர வேண்டும் என்று தேடுவது நம்மில் பலருக்குப் பழக்கம். தேவையில்லை. நீலகிரிச் சோலைக்கிளியின் விலா நிறம் தேர்வினால் வந்ததாகவும் இருக்கலாம், இப்படித் தற்செயலாக வந்ததாகவும் இருக்கலாம்.

சுவர் யாருக்கு?

இவ்வளவும் மரபியல். இப்போது சூழலியலுக்கு வருவோம். பறவைக்குச் சிறகு இருக்கிறதே, 40 கிலோமீட்டரைப் பறந்து கடக்க முடியாதா?

சோலைக்கிளி வாழும் இடத்தைப் பார்த்தால் பதில் கிடைக்கும். சுமார் 1,400 மீட்டருக்கு மேல், மலை மடிப்புகளில், ஓடைகளை ஒட்டி, பாசி போர்த்திய குட்டையான மரங்கள் நெருங்கி நிற்கும் காடே சோலை. சுற்றிலும் புல்வெளி. திறந்த வெளியில் விழும் உறைபனி மரக்கன்றுகளைக் கருக்கிவிடுவதால், சோலை மடிப்பை விட்டு எளிதில் வெளியே வராது. சோலைக்குள் எப்போதும் ஈரம், எப்போதும் நிழல். அந்தச் சருகிலும் அந்தக் குளிரிலும் உள்ள பூச்சிகளைத் தின்று பழகிய பறவை, கோடையில் 40 டிகிரியை ஒட்டும் பாலக்காட்டுச் சமவெளியில் இறங்கினால் இரையும் கிடைக்காது, மறைவிடமும் கிடைக்காது. சிறகு அதற்குப் புதர் விட்டுப் புதர் தாவவே பழகியிருக்கிறது. ஆகவே ஒவ்வொரு மலையுச்சியும் அதற்கு ஒரு தீவு. ஆய்வாளர்கள் இவற்றை வான்தீவுகள் என்றே அழைக்கிறார்கள்.

இதே கணவாய் காகத்துக்கு ஒரு பொருட்டே அல்ல. தடை என்பது நிலத்தில் மட்டும் இல்லை. நிலத்துக்கும் அந்த உயிரின் வாழ்க்கை முறைக்கும் இடையில் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு கருத்தை எடுத்துச்செல்ல வேண்டுமென்றால் இதை எடுத்துச்செல்லச் சொல்வேன். 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒன்பது இடங்களில், 23 பறவை இனங்களைச் சேர்ந்த 356 பறவைகளின் மரபணுவை ஒப்பிட்டார்கள். பத்து இனங்களில், மிகப் பழைய பிரிவு பாலக்காட்டுக் கணவாயில் விழுந்திருந்தது. அந்தப் பத்தில் சில, செங்கோட்டைக் கணவாய் போன்ற குறுகலான பள்ளத்தாக்குகளிலும் பிற்காலத்தில் பிரிந்திருந்தன. மிச்சம் பதின்மூன்று இனங்களில் அப்படியொரு தடம் இல்லை. ஒரே மலை, ஒரே பள்ளம், ஒரே பறவைக் கூட்டம். ஆனாலும் ஒவ்வொரு இனத்துக்கும் வெவ்வேறு வரலாறு.

நியாயமாக இன்னொரு கேள்வி எழும். கணவாய் அவ்வளவு பழையதென்றால், பறவை இருபுறமும் எப்படிப் போனது? அங்குள்ள பாறைகளின் பிளவு மண்டலம் 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. பறவை என்ற உயிரே அப்போது இல்லை. விடை காலநிலையில் இருக்கிறது. நீலகிரியின் சதுப்புகளில் படிந்திருக்கும் கரிமண்ணை ஆராய்ந்து ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் ஒன்றைக் காட்டினார்கள்: கடந்த 20,000 ஆண்டுகளில் காலநிலை மாறியபோதெல்லாம் அங்கே காடும் புல்வெளியும் ஒன்றையொன்று பிடித்தும் விட்டும் வந்திருக்கின்றன. அதற்கு முந்தைய லட்சக்கணக்கான ஆண்டுகளிலும் இப்படி ஏற்ற இறக்கங்கள் பல. குளிர்ந்த, ஈரமான காலத்தில் காடு கீழே இறங்கிப் பரவும், பறவை கடக்கும். காடு மேலே ஒதுங்கும்போது, பறவை அங்கேயே அடைபடும்.

யானையின் கதை

பறக்கத் தெரியாவிட்டாலும் நெடுந்தூரம் நடக்கக்கூடிய விலங்கு யானை. அதையும் இந்தக் கணவாய் பிரித்திருக்கிறது. டி.என்.சி. வித்யா, ராமன் சுகுமார் முதலியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், காட்டில் யானையைத் தொடாமலேயே, அது போட்ட லத்தியிலிருந்து டிஎன்ஏ எடுத்தார்கள். லத்தியின் மேற்புறத்தில் குடல் சுவரின் செல்கள் ஒட்டியிருக்கும், அது போதும்.

இங்கே ஒரு சிறு விளக்கம் தேவை. செல்லின் கருவுக்கு வெளியே, மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பிலும் கொஞ்சம் டிஎன்ஏ உண்டு. அது தாயிடமிருந்து மட்டுமே வரும். யானைக் கூட்டத்தில் பெண் யானைகள் பிறந்த கூட்டத்தோடே இருக்கும். ஆண் வளர்ந்ததும் வெளியேறும். ஆகவே மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவைப் படித்தால் பாட்டி, பூட்டி என்று தாய்வழிக் குடும்ப வரலாறு தெரியும்.

நீலகிரியும் அதைத் தொடர்ந்த கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளும் சுமார் 15,000 சதுர கிலோமீட்டர். உலகிலேயே மிகப்பெரிய ஆசிய யானைத் தொகை அங்கே வாழ்கிறது. அவ்வளவு பெரிய தொகையில் எத்தனை தாய்வழிகள் தெரிந்தன? ஒன்றே ஒன்று. ஆனைமலையிலும் பெரியாறிலும் யானைகள் குறைவு, ஆனால் மரபணுப் பன்மை அதிகம். அவை இரண்டும் தமக்குள் வேறுபடவில்லை. நீலகிரியிலிருந்து மட்டும் தெளிவாக வேறுபட்டன. எண்ணிக்கையையும் மரபணு வளத்தையும் ஒன்றாக நினைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நீலகிரி யானைகள் எப்போதோ மிகக் குறைந்த எண்ணிக்கைக்குச் சுருங்கிப் பிறகு பெருகியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

யானைகள் இருபுறமும் ஒரே இனம்தான். சோலைக்கிளி இரண்டு இனம். ஒரே பயணத்தின் வெவ்வேறு கட்டங்களில் இவை இருக்கின்றன.

உருவம் ஏமாற்றும்

சோலைக்கிளியை முதலில் இமயமலையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வாழும் குறுஞ்சிறகுப் பறவைகளோடு ஒரே பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்த்துவைக்கும் தொகுப்பில், வைத்திருந்தார்கள். உருண்டை உடல், நீண்ட கால், புதருக்கடியில் வாழ்க்கை, எல்லாம் ஒத்துப்போயின. மரபணு வேறு சொன்னது: இதன் நெருங்கிய உறவு நீல ஈப்பிடிப்பான்கள். ஒரே மாதிரி இடத்தில் ஒரே மாதிரி வாழ்ந்ததால் உருவம் ஒத்துப்போயிருக்கிறது, அவ்வளவே. 2017இல் இவற்றுக்குத் தனிப் பேரினமே அமைந்தது. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே, அகத்தியமலைப் பகுதியில் வாழும் அஷம்பு சோலைக்கிளி மூன்றாவது இனமாகச் சேர்ந்தது. அதே ஆய்வில் சிரிப்பான் பறவைகளும் தனிப் பேரினமாயின. பாணாசுர மலை, நீலகிரி, பழனி, அஷம்பு என்று மலைக்கு ஒன்றாக நான்கு இனங்கள். உலகில் வேறெங்கும் இல்லாத இப்படிப்பட்ட உயிர்களை ஓரிடவாழ்விகள் என்கிறோம்.

தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டுக்கும் இதே கதை. ‘நீல்கிரி தார்’ என்ற ஆங்கிலப் பெயரிலும் கொம்பிலும் இமயமலைத் தார் ஆட்டின் உடன்பிறப்பு போலத் தோன்றும். மரபணுவில் அது செம்மறி இனத்துக்கு நெருக்கம். இமயமலைத் தார் வெள்ளாட்டுக்கு நெருக்கம்.

இன்னும் பின்னே போக விரும்புகிறவர்களுக்கு ஊதாத் தவளை இருக்கிறது. ஆண்டில் பெரும்பகுதி மண்ணுக்குள் கறையான் தின்று வாழும் இதை, எஸ்.டி. பிஜுவும் பிராங்கி போசுயித்தும் 2003இல் உலகுக்கு அறிவித்தார்கள். இதன் மிக நெருங்கிய உறவுகள் இருப்பது கடல் கடந்து, செஷல்ஸ் தீவுகளில். இந்தியாவும் செஷல்ஸும் ஒரே நிலமாக இருந்த காலத்து உறவு அது. 2017இல் இதே பேரினத்தின் இரண்டாவது இனம், மலையின் கிழக்குச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கண்டறியப்பட்டது.

புதிய கணவாய்கள்

பாலக்காட்டுக் கணவாய் இயற்கை தந்தது. கடந்த 200 ஆண்டுகளில் நாமும் பல கணவாய்களை வெட்டியிருக்கிறோம், மலையின் உச்சியிலேயே. தேயிலை, யூகலிப்டஸ், வாட்டில், பைன். பழனி மலையில் மட்டும் நாற்பதே ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு, மரத்தோட்டங்களுக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டது. சோலைகள் துண்டு துண்டாக நிற்கின்றன. ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குப் போகாத பறவைக்கு, நடுவே உள்ள தேயிலைத் தோட்டம் இன்னொரு பாலக்காடு.

சோலைக்கிளியின் பாட்டில் இதைக் கேட்கவே முடிகிறது. சிறு பறவைகள் பலவும் பக்கத்துப் பறவைகளிடம் கேட்டுப் பாடப் பழகுபவை. பழைய கணவாய் பிரித்த கூட்டங்களின் பாட்டு வேறுபடுகிறது; அண்மைக்காலக் காடழிப்பு பிரித்த கூட்டங்களின் பாட்டும் வேறுபடுகிறது; ஆனால் இரண்டிலும் மாறியிருக்கும் கூறுகள் ஒன்றல்ல என்று 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது.

இப்படி அடைபட்ட சிறு கூட்டம் ஒவ்வொன்றும் புது இனமாகிவிடும் என்று மகிழ முடியாது. இனமாகப் பிரிய லட்சக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். ஐம்பது, அறுபது பறவைகள் மட்டும் உள்ள ஒரு சோலைத் துண்டுக்கு அவ்வளவு அவகாசம் கிடைக்காது. உறவுக்குள்ளேயே இணைந்து, குறையுள்ள மரபணுக்கள் ஒன்றுசேர்ந்து, ஒரு நோய்க்கோ ஒரு வறட்சிக்கோ பலியாகிவிடும்.

மரபணு ஆய்வு வெறும் பெயர்வைப்பு வேலை என்று நினைக்கிறவர்களுக்கு வரையாட்டைக் காட்டுவேன். 2023இல் தமிழ்நாடு அரசு வரையாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. முன்பு வாழ்ந்து இப்போது அற்றுப்போன மலைகளில் அவற்றைத் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. கணவாய்க்கு வடக்கே முக்கூர்த்திக் கூட்டமும், தெற்கே இரவிகுளம், ஆனைமலைக் கூட்டங்களும் மரபணுவில் வேறுபடுகின்றன. வடக்கே ஒரு மலையில் விட வேண்டுமென்றால் எங்கிருந்து ஆடு பிடிப்பது? தெற்கே எண்ணிக்கை அதிகம், அங்கிருந்து கொண்டுவந்தால் வேலை எளிது. வடக்கின் தனி வரலாறு கலந்து கரைந்துவிடும். வடக்கிலிருந்தே எடுத்தால் அந்த வரலாறு மிஞ்சும். சிறு கூட்டம் இன்னும் சிறுக்கும். என்னைக் கேட்டால், முதலில் அதே பக்கத்து ஆடுகள். அந்தக் கூட்டம் தன்னால் பெருக முடியாமல் தேய்கிறது என்று மரபணுவே காட்டினால் மட்டும், கணவாயைத் தாண்டிப் போய்ப் பிடித்துவரலாம்.